கீழ்த்தட்டுச் சுண்டெலிகள்

மக்டலீனுக்கு ஐம்பத்துமூன்று வயது. சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தின் எலி அறையில் வேலை செய்கிறார். தீனி போடுவது, கூடு கழுவுவது, செத்ததை எடுத்து எழுதிவைப்பது, அவ்வளவுதான் வேலை.

கட்டட மேசனாக இருந்த அவருடைய கணவர் ஏர்னெஸ்ட் காலில் ஆணி ஏறி, கிருமி இரத்தத்தில் கலந்து இறந்தவர். முதல் நாலு நாளும் காய்ச்சல் கொதித்தது. பிறகு தணிந்தது. தப்பிவிட்டார் என்று மக்டலீன் கோயிலில் மெழுகுதிரிகூடக் கொளுத்தினார். பத்தாம் நாள் நெஞ்சில் வேறொரு கிருமி பற்றி ஆளைக் கொண்டுபோய்விட்டது.

ஏன் அப்படி நடந்தது என்பதை ஆறு வருஷம் கழித்து, ஆய்வுக்கு வந்து எலி அறைக்கும் பொறுப்பாக இருந்த நிவேதனாதான் விளங்கப்படுத்தினாள். எலிகளின் குடலில் சிறு துளையிட்டு அதே நோயை வரவழைத்து, மண்ணீரலிலுள்ள உயிர்க்கலங்களை எண்ணுவது அவளுடைய ஆய்வு.

"சண்டை பிடிக்கிற கலங்களும் இருக்கு அன்ரி, அதுகளை அடக்கிற கலங்களும் இருக்கு. முதலிலை சண்டை மிஞ்சி உடம்பையே பழுதாக்கும். பிறகு அடக்கிறது மிஞ்சிப்போனால் சின்னக் கிருமியோடையும் உடம்பு மல்லுக்கட்டாது. ரெண்டையும் ஒரு மருந்தாலை சமப்படுத்தலாமோ எண்டு பாக்கிறன்."

மருந்து கொடுத்த இருபது எலிகள் கீழ்த்தட்டில். கொடுக்காத இருபது மேல்தட்டில். இரண்டாம் நாள் எல்லாம் மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கின. மக்டலீன் ஒன்றைத் தொட்டார். கடைசி நாளில் ஏர்னெஸ்டின் கை இருந்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது. போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பிக் கூடுகளுக்கு இடையில் செருகினார். மேல்தட்டுக் கூடுகளை முக்காலியில் ஏறி முன்னால் இழுத்துத்தான் தீனி போடுவார்; அவற்றின் இடுக்குகளுக்குள் அவருடைய கை எட்டாது.

கீழே பதினைந்து தப்பின. மேலே ஏழுதான். கலங்களின் எண்ணிக்கையும் எதிர்பார்த்தபடியே வந்தது.

"மருந்து வேலை செய்யுது அன்ரி!" நிவேதனா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மக்டலீனுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல்கள் நினைவுக்கு வந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் அவளுடைய மேசையடிக்குப் போனார்.

"மிஸ், நான் கீழ்த்தட்டுக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைச்சனான்."

"எத்தினை நாள்?"

"நாலு நாள்."

"மேலை?"

"எனக்கு எட்டேல்லை."

நிவேதனா எண்ணிக்கை எழுதிய கொப்பியை மூடிவைத்தாள். "சூடு பட்டாலும் எலி தப்பும் அன்ரி. உது மருந்தோ, உங்கடை தண்ணியோ எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது? முதலிலையிருந்து செய்யோணும். இன்னும் நாப்பது எலி."

அந்த நாற்பதைக் கேட்டதும்தான் மக்டலீன் அழுதார்.

நிவேதனா எதையும் மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினாள். இரண்டாம் முறை மக்டலீன் தீனி போட்டார், செத்தவற்றை எழுதினார். வேறொன்றும் செய்யவில்லை. மருந்து வாங்கியவற்றில் ஒன்பது தப்பின, வாங்காதவற்றில் எட்டு. ஒரு வருஷ உழைப்பு அதோடு நின்றது.

அந்தக் கிழமைக்குள்ளேயே போத்தல் கழுவும் பகுதிக்கு மாற்றம் கேட்டு மக்டலீன் கடிதம் கொடுத்தார்.

"என்னோடை கோவமோ?" என்று கேட்டாள் நிவேதனா.

"இல்லை மிஸ். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டன். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

நிவேதனா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.