ஈரத்துக்குக் காத்திருந்த முட்டைகள்

குடவாசல் பக்கத்தில் நான்கு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவர் லத்தீஃபா. அரை ஏக்கரில் போட்டிருக்கும் தீவனப்புல்தான் மாடுகளுக்கு ஆதாரம். யாரையும் லேசில் நம்பமாட்டார். பால் எடுப்பவர் அளக்கும்போதுகூட அவர் கையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

ஆனியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து இருபது நாள் இருக்கும். புல்லின் மேற்கு ஓரம் மொட்டையாகக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் வெட்டுக்கிளிக் குஞ்சுகள் தெறித்தன. கிழக்கே ஓர் இலைகூடக் கடிபடவில்லை. மேற்கு வரப்பைத் தாண்டினால் வீரையனின் வயல். போன வருடம் எல்லைக்கல் விஷயத்தில் இருவருக்கும் வாய்த்தகராறு.

“என் பக்கம் என்னத்தண்ணே கொண்டாந்து கொட்டுனீங்க?”

வீரையன் நாற்றுக்கட்டைக் கீழே போட்டார். “பூச்சிய எவனாச்சும் சாக்குல புடிச்சாந்து கொட்டுவானா? போயி மாட்டப் பாருங்க.”

அந்தப் பதில் லத்தீஃபாவின் சந்தேகத்தைக் கூட்டியது. இரண்டு நாள் கொட்டகை மறைவில் நின்று கவனித்தார். வீரையன் மடை மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் லத்தீஃபா மேற்கு வரப்பைக் கொத்தினார். ஈரமண்ணில் சிறு சிறு கூடுகள். உள்ளே வெறும் முட்டைக் கோதுகள். வீரையன் புதைத்துத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, காய்ந்து கிடந்த கிழக்கு வரப்பையும் கொத்திப் பார்த்தார். அங்கேயும் அதே கூடுகள். ஆனால் உள்ளே அரிசி போல மஞ்சள் முட்டைகள் முழுசாக இருந்தன. அந்தப் பக்கம் வீரையன் வந்ததே இல்லை.

முட்டைகளை மண்ணோடு இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் போட்டுத் துணியால் கட்டினார். ஒன்றில் மட்டும் தினமும் தண்ணீர் தெளித்தார். யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று இரண்டையும் பீரோவில் பூட்டினார்.

ஒன்பதாம் நாள் ஈர டப்பாவில் குஞ்சுகள் குதித்தன. காய்ந்த டப்பாவில் ஓர் அசைவும் இல்லை. அதற்கும் தண்ணீர் தெளித்தார். சில நாளில் அதுவும் பொரித்தது. போன பருவத்து வெட்டுக்கிளிகள் வரப்பில் இட்டுப்போனவை ஈரத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. வீரையன் வயலின் தண்ணீர் கசிந்து மேற்கு வரப்பை நனைத்திருக்கிறது.

டப்பாக்களோடு வீரையனிடம் போனார்.

“உங்க தண்ணிதாண்ணே பொரிக்க வச்சிருக்கு.”

“அப்ப இன்னமும் நாந்தான் குத்தவாளியா?”

“இல்லண்ணே. நான் பேசுனது தப்பு. கெழக்கு வரப்புல இன்னும் கெடக்கு. மழை வர்றதுக்குள்ள கொத்திப் போட்டுடணும்.”

வீரையன் சிரிக்கவில்லை. ஆனால் மண்வெட்டியோடு வந்தார். வெயிலில் பிரிந்து விழுந்த கூடுகளையும் மேற்கே தெறித்த குஞ்சுகளையும் மைனாக்கள் பொறுக்கின. ஆடிக் கடைசியில் மழை பெய்தது. கிழக்குப் புல் தப்பித்தது. மேற்கு ஓரம் தழையும்வரை மாடுகள் வைக்கோலைத்தான் தின்றன.