தண்ணீர்தான் இறங்கவில்லை

சின்னமனூரிலிருந்து வந்த காலை வண்டியின் கண்டக்டர்தான் சேதியைக் கொண்டுவந்தான். “அண்ணே, நம்ம வீரணண்ணே போயிட்டாக. சொந்தபந்தம் அம்புட்டுப் பேரு கையாலயும் பாலக் குடிச்சுட்டு நிம்மதியாப் போனாகளாம்.” நிம்மதியாம்! எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “அவருக்கு எவன்டா பால் கொடுத்தது?” என்று கத்தினேன். பாவம், அவன் விழித்தான்.

அல்லிநகரத்தில் பஸ் ஏறிய உங்களில் வீரணனை அறியாதவர் இருக்க முடியாது. எங்கள் பஸ் ஆபீஸின் ஏஜண்ட். நான் உள்ளே டிக்கெட் கிழிப்பேன், அவர் வெளியே நின்று “சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்!” என்று கூவுவார். யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் கரியில் ஓடத் தொடங்கிய பிறகு, இரைச்சலை மீறி அந்தக் குரல் ஒன்றுதான் கேட்கும். ஒருமுறை கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஓடிவர, டிரைவர் நிறுத்த மாட்டேன் என்றான். இவர் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். “கரியைப் போட்டா ஒன் வண்டி ஓடும். இந்தப் பிள்ளை எதைத் தின்னுட்டு ஓடும்டா?” டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பிரேக்கை அழுத்தினான்.

பக்கவாதம் அவரை ஆபீஸிலேயே பிடித்தது. காபி குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. “யாரோ நெனைக்கிறாக!” என்று கிளீனர் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணி, காபி கடைவாயில் வழிந்தது. அப்போதும் சிலர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பார்த்த டாக்டர் பொறுமைசாலி. வீரணனின் மனைவி ஒச்சம்மாள் மதினியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். விழுங்க முடியாமல் போவதெல்லாம் ஒரே நோய் இல்லை. முதலில் சோறு நின்று, கொஞ்ச நாளில் கஞ்சியும் நின்றால் உணவுக்குழாயில் அடைப்பு. கட்டியாக இருக்கலாம், ஆறிய புண்ணின் தழும்பாக இருக்கலாம். இவருக்குக் குழாய் நன்றாக இருக்கிறது, வாதத்தில் தொண்டைதான் சோம்பிவிட்டது. தண்ணீர் வேகமாக ஓடுகிறது. மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும் முன் அதற்குள் போய்விடும். “நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியாகக் கொடுங்கள். தண்ணீராக எதையும் ஊற்றாதீர்கள். நெஞ்சுக்குள் போனால் சுரம் வரும், ஆள் தங்க மாட்டார்.”

மதினி அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். கேப்பைக் களியைக் குழைத்து, சுண்டுவிரல் அளவு எடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் “முழுங்கியாச்சா? வாயக் காட்டுங்க” என்பார். கடைசியாக நான் சின்னமனூரில் அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு கிண்ணம் காலியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் வீரணன் இழுத்து இழுத்து, “கம்... பம்” என்றார். “ஆரம்பிச்சுட்டாகய்யா வண்டிய!” என்று மதினி சிரித்தார். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார்.

கெடுத்தது நம் ஊர் வாய். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாரோ விசாரிக்க, மதினி உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: “தண்ணிதான் எறங்கல, களி நல்லா எறங்குது.” நம் பக்கத்தில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பாடைக்கு மூங்கில் பார்க்கலாம் என்று பொருள். கேட்டவர்கள் களியை அங்கேயே உதறிவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓடைப்பட்டி வரை தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓடைப்பட்டியிலிருந்து வீரணனின் அண்ணன்காரர் பங்காளிகளோடு வண்டி கட்டி வந்து இறங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். சங்கில் பாலெடுத்து வரிசையாக ஊற்றினார்கள். “காலையில களி தின்னாகய்யா! ஊத்தாதீக, டாக்டர் சொல்லியிருக்காரு!” என்று மதினி அலறியதை, புருஷன் போகிற துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வீரணன் முகம் நீலம் பாரித்து இருமினார். “உசுரு பிரியுது, கும்புடுங்க” என்றாராம் அண்ணன்காரர். உயிர் அப்போது பிரியவில்லை. டாக்டர் சொன்ன சுரம் வந்தது, நெஞ்சு கரகரத்தது, பிறகுதான் பிரிந்தது.

இதையெல்லாம் கருமாதி அன்று மதினி சொல்லித்தான் அறிந்தேன். பந்தலில் அண்ணன்காரர் வருகிறவர்களிடமெல்லாம், “என் கையால பாலக் குடிச்சுட்டுத்தான்யா போனான் தம்பி” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து உலுக்க எழுந்தேன். மதினி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“விடுங்க தம்பி. அவர் ஊத்துனாரு, அம்புட்டுத்தான். இவுக அதை முழுங்கவே இல்ல. கடேசியா இவுக முழுங்குனது நான் குடுத்த களி.”

வீரணனைப் பற்றி எனக்கு மிஞ்சியது மதினியின் இந்த வார்த்தை ஒன்றுதான். நண்பர்களே, அவர் எப்படிப் போனார் என்று யாராவது கேட்டால், பால் குடித்துப் போனார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.