ஆர்லீன் தோற்ற கேள்வி

ஆர்லீன் நியெமி தொலைக்காட்சியில் நாலு நாள் ஜெயித்த கதையை எங்கள் ஊரான டுலூத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாம் நாள் தோற்ற கதைக்கு என்னிடம்தான் வர வேண்டும். அன்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க்காரி நான் ஒருத்திதான்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மதியம் இரண்டு மணிக்குத்தான் வேலை. மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்க் குறட்டை விடுவார்கள். இவள் பேருந்திலேயே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, செங்கல் கனத்துக்கு வருடா வருடம் வரும் தகவல் புத்தகத்தைப் படிப்பாள். போப்பாண்டவர்களின் வரிசை, ஆப்பிரிக்கத் தலைநகரங்கள், பந்தயத்தில் ஜெயித்த குதிரைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா தலை கனக்கவா போகுது?" என்றாள்.

வியாழக்கிழமை மாலைகளில் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் மதுக்கடையில் குவிஸ் நடக்கும். எங்கள் அணிக்குப் பெயர் 'நனைந்த கையுறைகள்'. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் ஊர்ப் பெயர்கள் என் பொறுப்பு. மீதி உலகம் முழுவதும் ஆர்லீன் பொறுப்பு. ஜெயிக்கும் அணிக்கு ஒரு தட்டு பொரித்த சீஸ் பரிசு. எனக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியது அவள் அறிவினால்தான் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

இளம் வயதிலேயே மினியாபொலிஸ் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஒரு சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலியும் ஜெயித்தவள். அந்த மேசையில்தான் தினமும் அவளுக்கும் அவள் கணவர் வெர்னுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாடம் நடக்கும். எங்கள் ஊர்க் கரையைத் தொடும் சுப்பீரியர் ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப்போகும் கப்பல்களில் முப்பது வருடம் உழைத்தவர் வெர்ன். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டில் இருந்தார். காலை உணவு வரும் அட்டைப் பெட்டிகளை வெட்டி, உள்பக்கம் கேள்வியும் பதிலும் எழுதி வைப்பது அவர் வேலை. ஷூ பெட்டிகளில் நாலாயிரம் அட்டைக்கு மேல் சேர்ந்திருந்தது, அதில் ஏரிகளுக்கென்றே ஒரு தனிப் பெட்டி. பேப்பரில் பார்த்தது, ரேடியோவில் கேட்டது என்று எதையாவது எழுதுவார், பாதி தப்பாக இருக்கும். ஆர்லீன் மறுநாள் பேருந்தில் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக் கொண்டுவருவாள். இவர் முறைப்பார்.

"புத்தகம் எழுதினவன் மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சானா?"

"நீ குதிச்ச மாதிரி தெரியுது. எழுத்தைப் பாரு, கோழி கிறுக்கின மாதிரி."

நாடு முழுக்கப் பார்க்கும் பெரிய போட்டிக்கு அவள் நாலு தடவை தேர்வு எழுதினாள். அறுபத்திரண்டாம் வயதில் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். வெர்னை விமானத்தில் ஏற்ற டாக்டர் ஒப்பவில்லை. வெர்ன் என்னைக் கூப்பிட்டு, "போஸ்ட் ஆபீஸ், என் இடத்துல நீ போயி உக்காரு. அவ மேல ஒரு கண்ணு வச்சுக்க. தனியா நின்னா பயந்துக்குவா" என்றார். ஆர்லீன் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சரி என்றேன்.

கலிபோர்னியாவில் பிப்ரவரிக் கடைசியில் பதிவு நடந்தது. ஒரு வாரத்து நிகழ்ச்சியை ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். நடுவில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுநாள் என்று நடிக்க வேண்டும். மே மாதம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒளிபரப்பாகி முடியும்வரை முடிவை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

நாலு சட்டையில் நாலு வெற்றி. எனக்குக் கைதட்டிக் கை சிவந்துவிட்டது. ஐந்தாம் ஆட்டத்திலும் அவள்தான் முன்னால் இருந்தாள். கடைசிக் கேள்விக்கு மூன்று பேரும் சேர்த்த பணத்தைப் பணயம் வைத்துப் பதில் எழுத வேண்டும். அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஏரி எது? ஆர்லீன் யோசிக்கவே இல்லை. சுப்பீரியர் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். ஆரிகனில் இருக்கும் கிரேட்டர் ஏரி என்பது சரியான பதில். மற்ற இரண்டு பேரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

திரும்பி வரும் விமானத்தில் ஆர்லீன், "அது வெர்ன் எழுதின அட்டை" என்றாள்.

"அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"நாலாயிரமும் ஞாபகம் இருக்கு. எந்த அட்டை எந்தப் பெட்டியிலேர்ந்து வெட்டினதுன்னு கூடச் சொல்லுவார்."

ஊரில் எல்லோரும் அவள் வாயைக் கிளறிப் பார்த்தார்கள். மதுக்கடைக்காரன் ஒரு தட்டு சீஸை இலவசமாகவே வைத்துப் பார்த்தான். அவள் அசையவில்லை. நான் சீஸை மட்டும் தின்றேன். வெர்ன் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டிவியில பாத்துக்கறேன். அதுவரைக்கும் போகமாட்டேன்" என்று சொல்லி, சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார். மார்ச்சில் டாக்டர் ஆர்லீனைத் தனியாகக் கூப்பிட்டு, ஜூன் வரை தாங்குவது சந்தேகம் என்றார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் நிறுத்தி வைத்த பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெர்ன் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கணும்னு வேண்டிக்கறதா, வியாழக்கிழமையோட போதும்னு வேண்டிக்கறதா? ரெண்டு மாசமா அந்த ஒண்ணுக்காகத்தான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கார். கடைசியில தன்னாலதான் நான் தோத்தேன்னு தெரிஞ்சுக்கிட்டா போகணும்?"

"முன்னாடியே சொல்லிடேன். கையெழுத்தாவது மண்ணாவது."

"சொன்னா காத்திருக்கறதுக்கு அவருக்கு என்ன இருக்கும்?"

குவிஸில் மட்டுமல்ல, இதிலும் நான் தேறாதவள்தான்.

மே மாதம் வந்தது. வெர்னும் இருந்தார். அவர் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்கு நேராகப் போட்டோம். திங்கட்கிழமை நாலரை மணிக்கு நனைந்த கையுறைகள் முழு அணியும் வீட்டில் ஆஜர். யாரோ ஹாட்டிஷ், அதாவது உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி அவனில் வேகவைத்த பதார்த்தம், செய்து கொண்டுவந்திருந்தார்கள். முதல் வெற்றியைப் பார்த்து வெர்ன் கட்டிலைத் தட்டினார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் பதில் சொல்லும் முன்னே இவர் சொல்லி, "என் அட்டை! அதுவும் என் அட்டை!" என்று மூச்சு வாங்கினார். இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அதனாலேயே வியாழக்கிழமை நான் ஹாட்டிஷைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்லீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கேள்வி திரையில் வந்தது.

"சுப்பீரியர்!" என்றார் வெர்ன், கேள்வி முடியும் முன்பே. திரையில் ஆர்லீனும் அதையே எழுதிக் காட்டினாள். அறையில் எல்லோரும் கத்தினார்கள், நானும் அவளும் தவிர. பிறகு சரியான பதிலைச் சொன்னார்கள்.

எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தேன். அதற்கு மேல் எனக்குப் பார்க்கத் தெம்பு இல்லை.

"எவன் போய் அளந்தான்?" என்றார் வெர்ன். குரலில் பலமில்லை. "அந்த ஏரியில ஒரு கப்பலாவது ஓடியிருக்கா?" பிறகு ஆர்லீனைப் பார்த்தார். "நான் எழுதினது அது."

"ஆமா."

"எல்லாத்தையும் புத்தகத்துல பாத்துத் திருத்துவியே. இதை மட்டும் ஏன் பாக்காம விட்ட?"

"வெர்ன், ஏரியைப் பத்தி நீ எழுதினதைப் போயி புத்தகத்துல பாப்பாங்களா?" என்றாள் ஆர்லீன். "ஏரிப் பெட்டியில ஒரு அட்டையைக் கூட நான் சரிபார்த்ததில்லை. அங்க நின்னப்ப, ஏரின்னு கேட்டதும் உன் குரல்தான் காதுல விழுந்துச்சு. வேற எதுவும் விழல."

வெர்னின் முகம் சுருங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ அங்க தனியா நிக்கறியேன்னு மூணு மாசமா மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார். "நானும் அங்கதான் நின்னிருக்கேன்."