எங்கள் மாடியில் மட்டும் மழை

போன புதன்கிழமை காலை ராபர்ட்சன்பேட்டையில் கன மழை!

நனைந்தவர் யாராவது உண்டா? இருக்க முடியாது. மண்டையைப் பிளக்கும் வெயில். மழை பெய்தது எங்கள் மொட்டை மாடியில் மட்டும்...

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள் அமுதா, லீவுக்கு வந்தபோது மாடியில் ஒரு வானிலை நிலையம் வைத்துவிட்டுப் போனாள். பெயர்தான் பெரிசு — ஒரு இரும்புப் பைப், காற்றுக்குச் சுற்றும் குட்டிக் கிண்ணங்கள், வெயில் பார்க்க ஒரு டப்பா, மழையை அளக்க ஒரு புனல். அதிலிருந்து ஒயர் இறங்கி அவள் அறைக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. கம்ப்யூட்டர் அவ்வப்போது டெலிபோன் லைனில் தானே இன்டர்நெட்டுக்குப் போய்க் கணக்கைச் சொல்லிவிடும்.

"இனிமே உன்னக் கேக்கவே வேணாம்ப்பா. நம்ம ஊரு வெயிலு, மழை எல்லாம் அங்கேர்ந்தே பார்த்துக்குவேன்" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான் — அடுத்த ஞாயிறு வரை.

ஞாயிறுதோறும் அவள் போன் செய்வாள். என் மனைவி இருந்தவரை ரிசீவர் என் கைக்கு வந்ததே இல்லை. அவள் காலமான பிறகு, அப்பாவுக்கும் மகளுக்கும் பேசக் கிடைத்தது வானிலை ஒன்றுதான். "இன்னாப்பா, மழை உண்டா?" என்று ஆரம்பிப்பாள். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து மண் பறந்தது, மாரிகுப்பம் ரயிலுக்குப் போய் நனைந்தது என்று நான் இழுத்துக்கொண்டே போவேன்.

இப்போது?

"இங்க வெயிலும்மா..."

"தெரியும்ப்பா. முப்பத்தி நாலு. பார்த்தேன்."

அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான்.

பேச விஷயம் இல்லாதவர்கள்தான் வானிலை பேசுவார்கள் என்று கேலி செய்கிறோம். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்னதான் பேசுவது? சுரங்கம் மூடியதிலிருந்து பக்கத்து வீடும் பூட்டு, எதிர் வீடும் பூட்டு. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்லிவிட்டேன்.

புதனுக்கு வருகிறேன். வேட்டியைத் துவைத்து, சரியாகப் பிழியாமல் கொடியில் போட்டேன். கொடிக்கு நேர் கீழே அந்தப் புனல்! (அமெரிக்காவில் துணி மெஷினிலேயே காய்ந்துவிடுமாம். கொடி அவள் கண்ணில் படவே இல்லை.) கீழே வந்து கொஞ்ச நேரத்தில் போன்.

"அப்பா! அங்க மழை கொட்டுதா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

"ஆமாம்மா... நல்ல மழை" என்றேன்.

பேசினாள்! பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்ததை, அம்மா திட்டிக்கொண்டே தலை துவட்டியதை... போன் பில்லை மறந்து பேசினாள். வைப்பதற்கு முன் கேட்டாள்.

"ஏம்ப்பா, இவ்ளோ மழைலயும் வெயிலு அப்டியே முப்பத்தி நாலுல கீதே... எப்டி?"

மாட்டிக்கொண்டேன்.

"வேட்டிம்மா. கொடில போட்டேன்... சொட்டுது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கொடிய மாத்தாதப்பா" என்றாள் மெதுவாக. "புதன்கெழமதானே துவைக்கிற?"

நாளை புதன். அழுக்காகாத வேட்டியையும் ஊற வைத்திருக்கிறேன்.