மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டு

காலை ஐந்தரைக்கு வில்லாபுரத்தில் எங்கள் ஜிம்மின் ஷட்டரைத் திறக்கும்போது வாசலில் நிற்கிற முதல் ஆள் பெரும்பாலும் நான்தான். ஆறரை வரைக்கும் பெண்களுக்கான நேரம். அதற்குள் நான் பளு தூக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். கம்பியைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகு வளையக் கூடாது. இடுப்பிலிருந்து குனிந்து, காலை ஊன்றி எழ வேண்டும். பக்கத்தில் யாராவது முதுகை வளைத்துத் தூக்கினால் எனக்குக் கை பரபரக்கும். என் செட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்த் திருத்துவேன். அதனால் அங்கே என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

பிசியோதெரபி முடித்து வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பகலில் கிளினிக், சாயங்காலம் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது. போகிற வீட்டிலெல்லாம் 'மசாஜ் பண்ற பொண்ணு வந்திருச்சு' என்பார்கள். நாலரை வருடம் படித்ததை ஒரு வார்த்தையில் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் போட்டுவிடுவார்கள். முதல் ஆறு மாதம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

சமயநல்லூரில் ஒரு வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் போனேன். அறுபது வயது அம்மா ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷன் நடந்திருந்தது. மகன் சரக்கு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வீட்டில் அந்த அம்மாவும் மருமகளும்தான். மருமகளுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை மேடம் என்றார்.

மூட்டு மாற்றிய காலைச் சும்மா வைத்திருந்தால் அப்படியே இறுகிவிடும். மூன்று வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருந்தார் ஆபரேஷன் செய்த டாக்டர். அதற்குள் முழங்கால் தொண்ணூறு டிகிரியாவது மடங்க வேண்டும், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து அவரே மடக்கிவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் மயக்க மருந்துக்கே அந்த அம்மா இரண்டு நாள் வாந்தி எடுத்துக் கிடந்தவர். இன்னொரு தடவை அந்த ரூமுக்குள் போக மாட்டேன், போனால் திரும்பி வர மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

முதல் நாள் நான் அளந்தபோது முழங்கால் அறுபது டிகிரிதான் மடங்கியது. ஒரு வாரம் கழித்து அளந்தபோது அறுபத்திரண்டு. நான் இருக்கிற முக்கால் மணி நேரம் மட்டும்தான் அந்தக் கால் வேலை செய்தது. மீதி நேரமெல்லாம் மருமகள்தான் அம்மாவின் கால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அக்குளில் கைகொடுத்து அலாக்காகத் தூக்கி உட்கார வைப்பார். நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் அப்படியே. தண்ணீர்ச் சொம்பு முதல் டிவி ரிமோட் வரை கைக்கு வந்துவிடும். வாக்கர் பீரோவுக்குப் பின்னால் துணி காயப்போட உதவிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போதும் அதே காட்சி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நீங்க இப்படித் தூக்கித் தூக்கி விட்டீங்கன்னா, அவங்க காலம்பூரா கட்டில்லதான் கிடக்கணும் அக்கா" என்றேன். ஜிம்மில் பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் என்னுடையது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரம்மா கையை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மருமகள் அடுப்படிக்குள் போய்விட்டார்.

அடுத்த தடவை போனபோது வழக்கமாக வருகிற காபி வரவில்லை. மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பே அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பாப்பா, அவள ஏன் வஞ்ச? ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த மறுநாளு நான் எந்திரிச்சு ஒரு டம்ளரக் கழுவுனேன். எதுத்த வீட்டுக்காரி பாத்துட்டா. காலறுத்த மாமியாள வேலை வாங்குறான்னு தெருவு பூரா சொல்லிட்டா. அவ ரெண்டு நாளு சோறு திங்கல. அதுக்குப் பெறகு நான் எதையும் தொடுறதில்ல."

நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், பயம் என்று நினைத்தேன், அளவுக்கு மீறிய பாசம் என்றுகூட நினைத்தேன். மருமகளுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று மாமியார் நடக்காமல் இருந்திருக்கிறார். மாமியாரைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மருமகள் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த லட்சணத்தில் அந்தத் தெருவுக்குக் கேட்கும்படி நானும் ஒரு பாட்டு விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாயால் சொல்கிற எதையும் அந்தத் தெரு நம்பாது, ஆனால் சீல் குத்திய காகிதத்தை நம்பும் என்று தோன்றியது. மறுநாள் கிளினிக் லெட்டர்பேடில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நோயாளி தினமும் காலையும் மாலையும் தானே எழுந்து, சமையலறைக்கு நடந்து போய், நின்று காபி போட வேண்டும். கீரை ஆயும்போது நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பின்னால் இழுத்து மடக்க வேண்டும். வேறு யாரும் இந்த வேலைகளைச் செய்யக் கூடாது. இது சிகிச்சை.' கீழே கையெழுத்து, அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப். அதைக் கட்டில் பக்கத்தில் ஒட்டவில்லை. வாசலில், கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கிற உயரத்தில் ஒட்டினேன்.

முதலில் வந்து படித்தது எதிர் வீட்டுக்காரம்மாதான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, தனக்கும் மாடிப்படி ஏறினால் முட்டி பிடித்துக்கொள்கிறது, இதே மாதிரி ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க, குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தக் காலுக்கு ஓய்வில்லை. வாக்கர் பீரோவை விட்டு வெளியே வந்தது. முதல் வாரம் காபி பொங்கி வழிந்தது. பக்கத்தில் நின்ற மருமகளைச் சீட்டைக் காட்டி விரட்டினார் அந்த அம்மா. எழுபது, எண்பது, எண்பத்தாறு. டாக்டரிடம் போய் வந்த அன்று மாலை மகனே எனக்குப் போன் செய்தார். தொண்ணூற்றைத் தாண்டிவிட்டதாம், மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் ஜிம்மில் என் வழக்கத்தைவிட ஐந்து கிலோ கூடத் தூக்கினேன். அம்புட்டுத் தெம்பு.

கடைசி நாள், அந்த அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு ஸ்கூட்டியை எடுக்க வந்தேன். மருமகள் கூடவே வாசல் வரை வந்தார். சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"மேடம், எனக்கும் ஒரு சீட்டு எழுதித் தாறீங்களா? மத்தியானம் அரை மணி நேரம் படுக்கணும்னு மட்டும் எழுதுங்க, போதும்."

எதற்கு என்று கேட்டேன். கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு இடத்தில் வைத்தார். எம்புட்டு நாளாக என்று கேட்டேன்.

"அத்தைய ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்த வாரத்துல இருந்து."

ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டேன். ஜிம்மில் ஊர் பேர் தெரியாதவர்களின் முதுகையெல்லாம் ஓடிப்போய்த் திருத்துகிறவள் நான். என் கண்ணுக்கு முன்னால், வாரத்தில் மூன்று நாள், ஒரு பெண் வளைந்த முதுகோடு தன் எடைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். நான் அவள் தூக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். எப்படித் தூக்குகிறாள் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நோயாளி என்று என் ஃபைலில் இருந்தது ஒரு பெயர்தான்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் மாமியாரின் கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தேன். நான் ஒரு காலை நீட்டித் தூக்கியதுமே இடுப்பு வலியில் துடித்துப்போனார். அந்த அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாடி" என்றார். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னென்ன பயிற்சி, எதையெல்லாம் தூக்கக் கூடாது, எப்போது கிளினிக்குக்கு வர வேண்டும் என்று எழுதினேன். முதல் வரியாக, மதியம் ஒரு மணி நேரம் கட்டாயம் படுக்க வேண்டும் என்று எழுதி, ஸ்டாம்பை அழுத்திக் குத்தினேன். கேட்டது அரை மணி நேரம்தான்.

சீட்டை மருமகளிடம் நீட்டுவதற்குள் அந்த அம்மா வந்து வாங்கிக்கொண்டார். வாக்கரைத் தொடவில்லை. பீரோவைத் திறந்து டேப்பை எடுத்தார், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வாசல் படி இறங்கினார். என் பழைய சீட்டுக்குப் பக்கத்தில் புதியதை வைத்து நாலு மூலையும் ஒட்டினார்.

பிறகு எதிர் வீட்டைப் பார்த்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிக் கூப்பிட்டார்.