அடுப்பு பற்றவைக்காத விருந்து

போன ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் காலமாகிவிட்டார்.

பதறாதீர்கள். அப்படித்தான் எங்கள் ஊர் பென்னலூர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்... வாயில் நல்லி எலும்போடு.

எல்லாம் என் தோழி விமலாவால் வந்தது. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஹைவே ஓரத்து ஃபாக்டரியில் ஒரே லைனில் வேலை. எஸ்தர், கோமதி இருவரின் வீட்டுக்காரர்களும் அங்கேதான். ஆண்கள் நாலு பேரும் ஷிஃப்டில் சிநேகமானார்கள். பெண்கள் நாங்கள் அந்த ஷிஃப்டைத் திட்டித் திட்டியே சிநேகமானோம். மாதத்தில் ஒரு ஞாயிறு நாலு குடும்பமும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். இந்த முறை எங்கள் வீடு.

விமலாவுக்கு ஒரு வியாதி உண்டு. மேனேஜர் வீட்டு அம்மா படித்துவிட்டுத் தூக்கிப்போடும் இங்கிலீஷ் பத்திரிகைகளை வாங்கி வந்து படிப்பாள். படித்தால் பரவாயில்லை, அதன்படி நடக்கவும் சொல்வாள். அதில் ஏதோ ஒரு வெள்ளைக்காரி எழுதியிருந்தாளாம் — நெருங்கிய சிநேகிதர்களுக்கு விருந்து வைக்க அடுக்களையில் கிடந்து சாக வேண்டாம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவர வேண்டியது. வீட்டுக்காரி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடக் கூடாது. எல்லாம் கேஷுவலாக இருக்க வேண்டும்.

‘நீ ரிலாக்ஸா உக்காந்திரு’ என்று எனக்குக் கட்டளை.

நான் ரிலாக்ஸாக உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? என் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு போட்டோ கிடையாது. விருந்தாளி வருகிற வீட்டில் காலையிலேயே மசாலா அரைக்கிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, ஆளுயரப் பொம்மை மாதிரி வாசலில் நிற்பதா? மாட்டேன் என்றேன். ‘க்ளோஸ் ஃபிரெண்ட்ஸ்தானே, நமக்குள்ள இன்னா ஃபார்மாலிட்டி?’ என்று வாயை அடைத்துவிட்டாள். பிடிவாதமாக மோர் மட்டும் நான் கரைப்பதாக ஏற்பாடு. மோருக்கு அடுப்பு வேண்டாம் அல்லவா, அதனால் வெள்ளைக்காரி ஒப்புக்கொள்வாளாம்.

‘நமக்குள்ள இன்னா ஃபார்மாலிட்டி’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான். காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பம் இரண்டாக உடைந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

என் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். என் மாமனாரின் அண்ணன் — மண்ணூரில் இருக்கிறார், எனக்குப் பெரிய மாமா — துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்காரப் போனார். அந்த நேரம் பார்த்து ஃபாக்டரி ஆபீசர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அறிவாளி பெரிய மாமாவின் தோளைத் தொட்டு, நீங்கள் வீட்டு மனுஷர்தானே, நமக்குள்ள இன்னா ஃபார்மாலிட்டி, அடுத்த பந்தியில் உட்காரலாமே என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மனுஷர் எழுந்தார். கல்யாண மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி தம்பியைப் பார்த்துச் சொன்னார். இனிமேல் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். நீ செத்தால்கூட வாசல் மிதிக்க மாட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் மகளுக்குக் காது குத்தினோம், வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் மாமா, அதாவது என் மாமனார், அண்ணனை அழைக்க ஆள் அனுப்புவார். போன ஆள் வெறும் கையோடு திரும்பி வருவான். ஆனாலும் மண்ணூர்ப் பக்கத்து ஆள் யாராவது டீக்கடைக்கு வந்தால் போதும், அண்ணன் நன்றாக இருக்கிறாரா என்று மாமா கேட்காமல் விடமாட்டார். கண் மூடுவதற்குள் அண்ணன் ஒரு தடவை என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார். எத்தனை கறிக்குழம்பு வைத்து என்ன, சாப்பிட வேண்டியவர் வராத வீடு அது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலையிலேயே என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து இரண்டு பெஞ்சை இரவல் வாங்கி வந்து வாசலில் வேப்பமரத்தடியில் போட்டார். மாமா வழக்கமாக அந்த நேரத்துக்கு டீக்கடையில் இருப்பார். அன்றைக்கு விருந்தாளி வருகிறார்கள், ஷேவ் செய்து குளித்துவிட்டு உள்ளேயே இருங்கள் என்று நான்தான் உட்காரவைத்திருந்தேன். எங்கள் புகைக்கூண்டில் புகை இல்லை.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் எஸ்தர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வருகிறாள். காலை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்ததால் வெள்ளைச் சேலை. கையில் பெரிய அடுக்குக் கேரியர். வழியில் ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் முகம் தொங்கிப்போயிருந்தது. பின்னாலேயே கோமதியும் அவள் வீட்டுக்காரரும். அண்டா நிறையச் சோறு, மேலே வெள்ளை வேட்டியால் சுற்றிக் கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். அவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர். அந்த முகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக விமலா, பொரியல் தூக்கோடு. அவள் மட்டும்தான் சிரித்துக்கொண்டு வந்தாள். அதைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது நீங்களே எங்கள் தெருக்காரர்களாக இருந்து யோசித்துப் பாருங்கள். அடுப்பு எரியாத வீடு. வாசலில் இரவல் பெஞ்ச். வெளியூரிலிருந்து சமைத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள், ஒருத்தி வெள்ளைச் சேலையில். வீட்டுக் கிழவரைக் காலையிலிருந்து காணோம். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். துக்க வீட்டில்தான் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், சொந்தபந்தங்கள் சோறு ஆக்கி எடுத்து வருவார்கள். வெள்ளைக்காரி ஊரில் அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது, அந்தப் பத்திரிகையில் ஒரு வரி எச்சரிக்கை போடவில்லை.

துக்கம் கேட்க முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு பச்சையம்மா அக்கா. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

‘எப்பமா ஆச்சி? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பக்கத்து வூடுதானே நானு?’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு பாசமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று நானும் கொஞ்சம் கண்கலங்கினேன். அழுகை என்றால் எனக்குக் காரணம் வேண்டியதில்லை. அதைப் பார்த்து அவர் இன்னும் சத்தமாக ஒப்பாரியை எடுத்தார். மாமாவின் நல்ல குணங்களை வரிசையாகப் பாடினார். உயிரோடு இருக்கும்போது அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. அவருடைய ஆடு எங்கள் வேலி தாண்டிய சண்டையில் அவர் மாமாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, நெற்றியில் விபூதி, பவுடர் வாசனை. யார் வீட்டில் எழவு என்று கேட்டார்.

பச்சையம்மா அக்கா பாட்டை நிறுத்திவிட்டு ஒரு முறைப்பு முறைத்தார் பாருங்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். பிறகு எல்லாரும் சிரித்து, விஷயத்தை விளக்கி, சாப்பிட உட்காருங்கள் என்று அவரையும் அழைத்தோம். ஒப்பாரி வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். சாஸ்திரம் சாஸ்திரம்தானே.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அவரவர் தட்டில் அவரவரே போட்டுக்கொண்டு, ஒருவர் பெஞ்சில், ஒருவர் கயிற்றுக்கட்டிலில், ஒருவர் நின்றபடி — விமலா ஆசைப்பட்ட கேஷுவல் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. மாமா கட்டிலில் சம்மணம் போட்டு எஸ்தரின் மட்டன் குழம்பில் நல்லி எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். இதற்குள் டீக்கடையில் இருந்த ஒரு புண்ணியவான் சைக்கிளை மிதித்துக்கொண்டு மண்ணூருக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தது எங்களுக்குத் தெரியாது.

பெரிய மாமா வந்தார்.

மகன் சைக்கிள் மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்து, மடியில் பெரிய ரோஜா மாலை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே இறங்கினார். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டார். ‘தம்பி’ என்று ஒரு சத்தம். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாமா எலும்பைத் தட்டில் வைத்தார்.

‘இன்னாண்ணா, மாலையோட வந்துகீற?’

‘நீ பூட்டன்னு சொன்னாங்கோடா.’

‘போவலண்ணா. துன்னுகினு கீறேன்.’

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய மாமாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் நிம்மதி. பிறகு வெட்கம். அப்புறம் கோபம், அதுவும் இத்தனை வருஷத்துக் கோபம் மொத்தமாக. இத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டு ஓடி வந்துவிட்டோமே என்கிற கோபம். மாலையை மகன் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பச் சொன்னார்.

மாமா எச்சில் கையோடு எழுந்தார். குரல் உடைந்துபோயிருந்தது.

‘செத்தாக்கூட வரமாட்டேன்னு சொன்னியே... வந்துட்டியேண்ணா.’

பெரிய மாமா சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. நான்தான் துணிந்து போய், பெரிய மாமா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வந்ததற்கு வந்துவிட்டேன், ஆனால் உங்கள் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டேன், அது சொன்னது சொன்னதுதான் என்றார். குரலில் பழைய அழுத்தம் இல்லை. ஆனாலும் ஊரறியச் சொன்ன சொல். அதிலிருந்து இறங்கிவர அவருக்கு ஒரு படி வேண்டியிருந்தது. எங்களில் யாருக்கும் அந்தப் படியைப் போடத் தெரியவில்லை.

போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? விமலா. அதுவும் தெரியாமல்.

அவளுக்கு அவளுடைய திட்டத்தைப் பற்றிப் பெருமையடிக்க ஒரு புது ஆள் கிடைத்துவிட்டார், அவ்வளவுதான். கையில் தட்டோடு முன்னால் வந்தாள்.

‘இது இவங்க வூட்டுச் சாப்பாடே இல்லீங்க பெரியப்பா. சோறு கோமதி வூட்டுது, குழம்பு எஸ்தர் வூட்டுது, பொரியல் எங்க வூட்டுது. இங்க காலையிலேருந்து அடுப்பே பத்தவெக்கல.’

பெரிய மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. நேராக அடுக்களைக்குள் போய் எட்டிப் பார்த்தார். அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். வெளியே வந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் அடுப்பு அணைந்திருந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது.

விமலா தட்டை நீட்டினாள். மாமா அந்தத் தட்டைத் தட்டிவிட்டார். பின்கட்டுக்கு ஓடிப்போய் வாழையிலை அறுத்து வந்தார், இந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தரையில் பாய் போட்டு, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, அண்ணனை உட்காரவைத்து, தானே பரிமாறினார். நாங்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். முதல் பந்தி. ஒரே இலை. கேஷுவல் அந்த இடத்திலேயே, நாலு பேர் பார்க்க, உயிரைவிட்டது. அதற்குத்தான் பொருத்தமாக மாலையும் வந்திருந்தது, ஆனால் பச்சையம்மா அக்காவின் ஆடு முந்திக்கொண்டு அதைத் தின்றுவிட்டது.

பெரிய மாமா சோறு சாப்பிட்டார், குழம்பு இரண்டு தடவை வாங்கினார், பொரியலில் உப்பு கம்மி என்றார். விமலாவின் முகம் சுருங்கியதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. என் மோரை மட்டும் தொடவில்லை. மோர் இந்த வீட்டுது அல்லவா? சட்டம் தெரிந்தவர். கை கழுவிய தண்ணீர் யார் வீட்டுக் கிணறு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

சாப்பிட்டதும் அண்ணனும் தம்பியும் கயிற்றுக்கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்னவோ உருக்கமாகப் பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றிப் பேசினார்கள். வெயில் சாயும்வரை அதையே பேசினார்கள். மாமா ஒரு தடவைகூடக் கண்ணை அண்ணன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

உபசாரம் என்பது நம் ஜனங்களுக்குக் கோர்ட் கேஸ் மாதிரி. யார் கூப்பிட்டார்கள், எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பந்தி, யார் கையால் பரிமாறினார்கள் — எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு, வாய்தா உண்டு, தீர்ப்பு மட்டும் கிடையாது. ‘நெருங்கினவங்கதானே’ என்று நாம் யாரை அசட்டையாக விடுகிறோமோ, அவர்கள்தான் இலைக்காக அதிகம் காத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது பெரிய மாமா சைக்கிள் பக்கத்தில் நின்று துண்டை உதறினார், மறுபடி தோளில் போட்டார், மறுபடி உதறினார். என் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக் கேட்டார்.

‘இவங்கள்லாம் அடுத்த ஞாயித்துக்கெழமையும் சோறு எடுத்தாருவாங்களாம்மா?’

‘வாராவாரம் எடுத்தாருவாங்க மாமா’ என்றேன்.

விமலா, எஸ்தர், கோமதி மூவருக்கும் இந்த விஷயம் இன்னும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்கள்.