சாம்பலுக்கு ஒரு காப்புரிமை

தினமும் காலையில் என் நெற்றியில் டேப் ஒட்டி உரிக்கிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். இது வைத்தியமும் இல்லை, தண்டனையும் இல்லை, வேலைக்குள் நுழையும் முறை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. அதில் தூசியே நுழையக் கூடாத சுத்த அறையின் வாசலில் நூர் என்ற பெண் இரண்டு விரல் அகல டேப்பை என் புருவத்துக்கு மேல் அழுத்தி, சரக்கென்று உரித்து, விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் என் பெயருக்கு எதிரே ஒட்டி வைப்பாள். என் முன்நெற்றி முடிகள் ஒவ்வொன்றாக அந்த நோட்டில் குடியேறிக்கொண்டிருக்கின்றன. எனக்கு முன்னால் அவற்றுக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடும் போலிருக்கிறது. விதி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் இந்திய முகம் வரும்போது மட்டும் டேப் சற்று நீளமாகக் கிழிகிறது. இந்த விதி பிறந்ததே என்னால்தான் என்பது நூருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் அழுத்தி உரிப்பாள்.

நாங்கள் செய்வது இதுதான். நகத்தளவு சிலிக்கான் சில்லின் மேல் டி.என்.ஏ. இழைகளால் பின்னிய ஒரு வலையை விரிப்போம். உங்களுக்கு அப்பா மூக்கையும் அம்மா முன்கோபத்தையும் கொண்டுவந்து கொடுத்த அதே டி.என்.ஏ.தான், இங்கே அதற்கு அந்த வேலையெல்லாம் கிடையாது, வெறும் நூல். வலைக்கு மேலே, காற்றை உறிஞ்சி எடுத்த கலனுக்குள் தங்கத்தை ஆவியாக்கிப் படியவிடுவோம். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத படலம். பிறகு வலையைக் கழுவி எடுத்தால், அதன் கண்கள் இருந்த இடத்தில் தங்கப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். துளைபோட்ட தட்டை வைத்துக் கோலப்பொடியைச் சலித்துவிட்டுத் தட்டைத் தூக்குவது மாதிரி. நோய்க்கிருமி கண்டறியும் கருவிகளுக்கு இந்தச் சில்லு போகிறது. சிக்கல் என்னவென்றால், வலை படுக்காது. ஈரத்துணி போலச் சுருண்டுகொள்ளும். அதைப் படுக்கவைக்கத்தான் என்னை மதுரையிலிருந்து வரவழைத்தார்கள்.

மதுரையில் நான் தொழில் கற்றது டார்ச் லைட்டின் உள்கிண்ணத்துக்கு அலுமினியம் பூசும் பட்டறையில். அங்கேயும் கலன், அங்கேயும் படலம். ஆயுத பூஜையன்று அந்தக் கலனுக்கே மூன்று பட்டை திருநீறு போட்டுச் சந்தனப் பொட்டு வைப்போம். மறுநாள் துடைக்க மாட்டோம். மெஷின் ஓடும், டார்ச் எரியும். தூசியை அங்கே பெருக்குவார்கள், இங்கே எண்ணுகிறார்கள். அந்தப் பட்டறையில் முதலாளியின் மச்சான் ஒருநாள் காற்றுறிஞ்சும் பம்புக்குள் தப்பான எண்ணெயை ஊற்றி அதைச் சுற்றவிடாமல் சிக்கவைத்துவிட்டார். பழி என் தலையில் விழுந்தது. அன்றைக்கு டூட்டி நான்தானாம். பக்கத்தில் நின்று பார்த்த நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் விமானம் ஏறினேன். ஆக, அநியாயம் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அனுபவித்துப் பட்டம் வாங்கியவன்.

டி.என்.ஏ. கரைசலைச் சில்லுகள் மேல் விட்டு, தட்டோடு கலனுக்குள் ஏற்றும் பிரிவில் லெட்சுமி இருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபின் இந்தப் பக்கம் வந்த குடும்பம். ஏஜண்ட் மூலம் ஒப்பந்த வேலை. அந்தக் கட்டடத்தில் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்ட மகிழ்ச்சியில், முதல் நாளே நாமெல்லாம் ஒரே இனம் என்ற ரீதியில் ஏதோ பேசிவிட்டேன்.

“நீங்க இந்தியா அண்ணே, நாங்க இந்தியன். ரெண்டும் வேற லா,” என்றாள். இங்கே பிறந்த தமிழர்களுக்கு அரசாங்கத் தாளில் ‘இந்தியன்’ என்று பெயராம், ‘லா’ இந்த ஊர்ப் பேச்சின் வால்.

ஆனாலும் மலாய்க் கடிதங்களை எனக்குப் படித்துச் சொன்னது அவள்தான். எந்தக் கடையில் சாப்பிட்டால் வயிறு பிழைக்கும் என்று சொன்னதும் அவள்தான். எனக்கு அவள் தேவைப்பட்ட அளவுக்கு அவளுக்கு நான் தேவைப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

என் திருநீற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பக்தி என்று சொன்னால் சாமிக்கே சிரிப்பு வரும். பயம்தான். ஊரில் வெள்ளிக்கிழமை மட்டும் பூசியவன் இங்கே தினமும் பூசினேன். வேலை அனுமதி புதுப்பிக்கும் மாதம் நெருங்க நெருங்கப் பட்டை தடிக்கும். தேதி தெரியாதவர்கள் என் நெற்றியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுத்த அறைக்குள் தலையோடு மூடிய வெள்ளை அங்கி போட்டுக்கொள்வோம். எனக்கோ வெள்ளெழுத்து. சில்லைப் பார்க்கக் கண்ணாடி மாட்ட வேண்டும், மாட்டுவதற்கு முக்காட்டை மேலே தள்ள வேண்டும். ஈரத் தட்டின் மேல் குனிந்தபடி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தள்ளியிருப்பேன். ஏற்றுபவர்கள் மட்டும்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பொறியாளர்கள் காற்று மாதிரி, வந்துபோன தடம் இருக்காது.

ஒரு பெட்டிச் சில்லுகள் வாடிக்கையாளரிடமிருந்து முழுதாகத் திரும்பி வந்தன. மேலே ஏதோ துகள். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கால்சியம், பொட்டாசியம், சிலிக்கான், பாஸ்பரஸ் என்று பட்டியல் வந்தது. பெரும்பாலும் சாணத்தையோ செடிகொடியையோ எரித்த சாம்பலாக இருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது என் நெற்றி தானாகச் சுட்டது. கழிப்பறைக்கு ஓடி, சில்லு துடைக்கும் ஆல்கஹால் துணியால் தேய்த்தேன், தேய்த்தேன், தோல் உரிந்து சிவக்கிற வரைக்கும். கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் போய், அடிபட்ட குரங்கு மாதிரி ஒரு முகம். வீட்டு வாடகை, மகளின் பள்ளி, மனைவி முந்தின நாள் வாங்கிவந்த புது மிக்ஸி எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன. நாடு கடத்தினால் மிக்ஸியை எடுத்துப்போக விடுவார்களா என்றுகூட யோசித்தேன். அது வேடிக்கை இல்லை, உண்மையாகவே யோசித்தேன்.

மதியம் மேலாளர் டான் கூட்டம் போட்டார். மனிதவள அதிகாரி இருந்தார், நான் இருந்தேன், லெட்சுமியைக் கூப்பிட்டிருந்தார்கள். டான் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இந்தியர்கள் நெற்றியில் வெள்ளையாக ஏதோ பூசுவார்களே, அதுதானே என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். பெண்களும் பூசுவார்களா என்றார். பூசுவார்கள் என்றேன். இரண்டுமே உண்மை. சந்தேகம் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரும்பாலும் முக்காட்டோடுதான் அவர் என்னைப் பார்த்திருக்கிறார். அன்று என் நெற்றியும் அவ்வளவு சுத்தம். பதிவேட்டில் அந்தப் பெட்டியை ஏற்றிய வாரம் முழுக்க லெட்சுமியின் கையெழுத்து. அவள் மலாயில் நிதானமாக, தான் திருமணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள், சர்ச்சுக்குப் போகிறவள், திருநீறு பூசுவதே இல்லை என்று சொன்னாள். மலாய் குறைவாகத் தெரிந்த எனக்கே புரிந்தது. மனிதவள அதிகாரி அவளுடைய அடையாள அட்டை நகலைப் பார்த்துவிட்டு, இது இந்துப் பெயராயிற்றே என்றார். அப்போது லெட்சுமி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியும்ல. நீங்களே சொல்லுங்க.”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வந்தால் வாயில் நகைச்சுவை வரும். அது என் வியாதி. ஆங்கிலத்தில் சொன்னேன்: “எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, சார். ரெண்டு கம்பெனியிலயும் இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சிருப்போம்.”

டான் விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது விசாரணையும் முடிந்திருந்தது. லெட்சுமி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. என்னை ஒரு தடவை, சில்லில் கீறல் தேடுவதுபோலப் பார்த்தாள். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று ஏஜண்ட் அவளுக்குச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் டேப் வந்தது.

இனிமேல்தான் அசிங்கம். திரும்பி வந்த சில்லுகளைத் தூக்கிப்போடுவதற்கு முன் ஒருநாள் சும்மா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாம்பல் துகளைச் சுற்றியும் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் மட்டும் தங்கப் புள்ளிகள் ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. இரண்டு வருடமாக நான் கெஞ்சியும் படுக்காத வலை, அங்கே பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. சாம்பலில் இருந்து கரைந்த கால்சியம் வலையைச் சில்லோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. கரைசலில் சுத்தமான கால்சியம் உப்பை ஒரு துளி அளவு சேர்த்துப் பார்த்தோம். தட்டுத் தட்டாகப் படுத்தது. டான் என் முதுகில் தட்டினார். காப்புரிமைக்கு விண்ணப்பம் தயாரானது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர், ஒன்று என்னுடையது, மற்றது டானுடையது. எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கேள்விக்கு, ‘வழக்கமான பழுதாய்வின்போது’ என்று எழுதினேன். பழுது யார் என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, என் வேலை அனுமதியும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்ட பிறகு, எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. டானிடம் உண்மையைச் சொன்னேன். அவர், நல்ல கதை லா, ஆனால் எங்கேயும் எழுதிவைக்காதே என்றார். லெட்சுமியைத் திரும்பக் கூப்பிடச் செய்தி அனுப்பினார்கள். அவள் பதில் போடவில்லை. ஊரில் என் மைத்துனனிடம் மட்டும் சொல்லிப் புலம்பினேன். பத்தே நாளில் அது வேறு யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியாக என் போனுக்கே திரும்பி வந்தது: திருநீற்றில் நானோ தொழில்நுட்பம், மலேசியாவில் தமிழர் நிரூபித்தார், நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. முன்னோர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

லெட்சுமி இப்போது ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறாள். நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவள் விடியுமுன் எழுந்து அந்நிய நாட்டுக்குப் போகிறாள். அவள் நாட்டில், அவள் இருந்த கட்டடத்தில், நான் இருக்கிறேன். போன புதன்கிழமை சாயங்காலம் கெலாங் பாத்தா பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து அவளைப் பிடித்தேன். ஜெபக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, நடந்துகொண்டே என் பேச்சைக் கேட்டாள். மன்னிப்பு, காப்புரிமை, டானிடம் பேசியது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சாம்பல் என்னுடையது என்றேன்.

“அது அன்னிக்கே தெரியும்ணே. நெத்திய கழுவிட்டு உள்ள வாங்கன்னு உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னவளே நான்தான்.”

“அப்ப ஏன் நீ அவங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா உங்கள பிளேன்ல ஏத்திருவாங்க. பொண்ணு படிக்குதுன்னு சொன்னீங்க. நீங்களே சொல்லிக்குவீங்கன்னு பாத்தேன்.” ஒரு கடையின் பக்கவாட்டில் மாடிக்குப் போகும் படியருகே நின்றாள். “வேல போனது போவட்டும். சும்மா வாய மூடிக்கிட்டு இருந்தாலும் போச்சுன்னு விட்டிருப்பேன். அவங்கள ஏண்ணே சிரிக்க வச்சீங்க? என் சாமிய வச்சு?”

வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. அதுவும் வேடிக்கையான பதில்தான். விழுங்கிவிட்டேன். அவள் படியேறிப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஏறினேன். மேலே ஜெபக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கச் சர்ச்சு வாசலில் செருப்புகளைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்த பழக்கத்தில், குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிவிட்டேன். நிமிர்ந்தால், உள்ளே எல்லோரும் காலணியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். லெட்சுமி மூன்றாவது வரிசையில் போய் அமர்ந்தாள், திரும்பவில்லை. தமிழில் பாட்டு ஆரம்பித்தது, எனக்கு வார்த்தைகள் எல்லாம் புரிந்தன. மாட்டிக்கொண்டு உள்ளே போவதா, மற்றதையும் கழற்றுவதா, கீழே இறங்குவதா என்று கேட்க ஆளில்லாமல், ஒரு கால் ஷூவிலும் ஒரு கால் வெறும் சிமெண்டுத் தரையிலுமாக அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.